வறட்சி தாங்கும் கோதுமை விதை பொய்த்தால் இழப்பீடு உண்டா?

மத்தியப் பிரதேசத்திலும் புந்தேல்கண்டிலும் மானாவாரிக் கோதுமை விதைக்கிறவர்கள் 'வறட்சி தாங்கும்' என்ற சொல்லை நம்பித்தான் மூட்டைக்குக் கூடுதல் காசு கொடுக்கிறார்கள். கதிர் பிடிக்காமல் பயிர் காய்ந்துவிட்டால் கடைக்காரர் வேளாண் அலுவலகத்தைக் கை காட்டுகிறார். அலுவலகம் காப்பீட்டு நிறுவனத்தைக் காட்டுகிறது. அந்த நிறுவனம் வானத்தைக் காட்டுகிறது. இப்படி அலையவிட்டே பலரை ஓயவைத்துவிடுகிறார்கள்.

சட்டம் விவசாயியின் பக்கம்தான் இருக்கிறது. பயிர் ரகங்கள் பாதுகாப்பு, விவசாயிகள் உரிமைச் சட்டம் 2001, பிரிவு 39(2): பதிவு பெற்ற ரகம் எந்தச் சூழலில் எவ்வளவு விளையும் என்பதை அதை உருவாக்கியவர் விவசாயிக்குச் சொல்ல வேண்டும். சொன்னபடி விளையாவிட்டால் இந்தச் சட்டத்தின் கீழ் அமைந்த ஆணையத்திடம் இழப்பீடு கோரலாம்.

சிக்கல் 'பதிவு பெற்ற' என்பதில் தொடங்குகிறது. அரசு வெளியிட்டது என்பதாலேயே ஒரு ரகம் இந்தச் சட்டத்தில் பதிவானதாக ஆகிவிடாது. விதை வாங்கும்போதே கேளுங்கள். அடுத்தது 'எந்தச் சூழலில்'. இந்தோரில் உருவான எச்.ஐ. 1605 (பூசா உஜாலா) ரகம் தீபகற்ப மண்டலத்துக்கு (மகாராஷ்டிரம், கர்நாடகம் போன்ற பகுதிகள்), உரிய காலத்தில் விதைத்துக் குறைந்த பாசனம் கொடுப்பதற்குப் பரிந்துரைக்கப்பட்டது. பருவம் தப்பி விதைத்தாலோ வேறு மண்டலத்தில் விதைத்தாலோ, ஒரே வரியில் மனுவைத் தள்ளிவிடுவார்கள். விதைத்த அன்றே தேதி தெரியும்படி படம் எடுத்து வையுங்கள்.

மூட்டையின் வாயில் தைத்திருக்கும் நீலச் சீட்டை முழு உத்தரவாதமாக நினைக்காதீர்கள். சான்று பெற்ற கோதுமைக்கு அது உறுதி சொல்வது குறைந்தது 85% முளைப்பு, 98% புறத்தூய்மை (குப்பையோ வேறு விதையோ கலக்காத அளவு) போன்றவற்றுக்குத்தான். வறட்சி பற்றி அதில் ஒரு சொல்லும் கிடையாது. பச்சைச் சீட்டு என்றால் விற்பவரின் சொல் மட்டுமே. ஆகவே 'வறட்சி தாங்கும்' என்று அச்சிட்ட பையும் துண்டுப் பிரசுரமும்தான் உங்கள் சாட்சி. பில்லில் ரகத்தின் பெயரும் குவியல் எண்ணும் (லாட் நம்பர்) இல்லாமல் கடையை விட்டு இறங்காதீர்கள்.

பயிர்க் காப்பீட்டில் விதைக் குறைக்கு இழப்பீடு கிடையாது. அங்கே வறட்சி இழப்பும் வட்டார விளைச்சலை வைத்தே கணக்கிடப்படுகிறது. உங்கள் வயல் மட்டும் காய்ந்தால் அதனால் பயனில்லை.

பலருக்கு எளிய வழி மாவட்ட நுகர்வோர் ஆணையம். விதை வாங்கும் விவசாயியும் நுகர்வோரே என்று 2012-இல் உச்ச நீதிமன்றம் தேசிய விதைக் கழக வழக்கில் உறுதி செய்தது. சோதனைக்கு விதை எடுத்து வைக்கவில்லையே என்று விரட்டினால் அந்தத் தீர்ப்பைக் காட்டுங்கள். எல்லா விதையையும் விதைத்துவிடுவதுதான் விவசாயியின் இயல்பு என்பதை நீதிமன்றம் ஏற்றிருக்கிறது. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை. கெடு இரண்டு ஆண்டு.

பயிர் நிலத்தில் நிற்கும்போதே வேளாண் அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுத்து, முத்திரையிட்ட ஒப்புகை வாங்குங்கள். ஆய்வுக்கு வருகிறவர் 'வானிலையால் பாதிப்பு' என்று மட்டும் எழுதினால், பக்கத்து வயலில் வேறு ரகம் எப்படி நிற்கிறது என்பதையும் எழுதச் சொல்லுங்கள். அறிக்கையின் நகல் கைக்கு வரும்வரை உழவு ஓட்டாதீர்கள்.