அகாபே என்றால் தியாக அன்பா?

“அகாபே அன்பு” என்ற தொடரைப் பிரசங்கங்களிலும் கிறிஸ்தவக் கட்டுரைகளிலும் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. கிரேக்கத்தில் அகாபே என்றாலே அன்புதான். ‘நடுசென்டர்’ என்கிறோமே, அந்தக் கதைதான் இதுவும். சரி, பேச்சுவழக்கு என்று அதையாவது விட்டுவிடலாம். ஆனால் உடனே ஒரு விளக்கமும் தருகிறார்கள்: “அகாபே, அதாவது தியாக அன்பு.” அதை விட்டுவிட முடியவில்லை.

முதலில் சொல்லின் கதை. அகாபே கிரேக்கப் பெயர்ச்சொல், அகபாஓ அதன் வினை. வினை மிகப் பழையது. பெயர்ச்சொல்லோ பழைய கிரேக்க இலக்கியத்தில் அரிது. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் தொடங்கி எபிரேய வேதத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் ‘அஹவா’ என்ற எபிரேயச் சொல்லுக்கு இதை எடுத்தாண்டார்கள். புதிய ஏற்பாட்டை எழுதியவர்களுக்கு அது அங்கிருந்து கைக்கு வந்தது. லத்தீனில் அது பெரும்பாலும் காரித்தாஸ் ஆனது. வேர் என்ன என்பதில் இன்றுவரை முடிவில்லை. சொற்பிறப்பு அவ்வளவுதான்.

அப்புறம்தான் மேடைக் கதை வருகிறது. கிரேக்கத்தில் அன்புக்கு நான்கு சொற்கள் உண்டாம்: ஈரோஸ் காமம், ஸ்டோர்கே குடும்பப் பாசம், ஃபிலியா நட்பு, அகாபே மட்டும் தேவனுக்கே உரிய தியாக அன்பு. நான்கு பெட்டிகள், நான்கு பூட்டுகள். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் வேதத்தைத் திறந்தால் பூட்டுகள் நிற்கவில்லை.

2 சாமுவேல் 13இல் அம்னோன் தன் தங்கை தாமார்மேல் மோகங்கொண்டு அவளைக் கெடுக்கிறான். பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் அந்த மோகத்துக்கு வரும் வினை அகபாஓ. 15ஆம் வசனத்தில் அகாபே என்ற பெயர்ச்சொல்லே வருகிறது. புதிய ஏற்பாட்டில் மட்டும் என்ன? தேமா “இப்பிரபஞ்சத்தின்மேல் ஆசைவைத்து” பவுலை விட்டுப் போனான் என்கிற இடத்திலும் அகபாஓதான். லூக்கா 11:43இல் பரிசேயர்கள் ஜெப ஆலயத்தில் முதன்மையான ஆசனங்களை விரும்புகிறார்கள். அந்த விருப்பமும் அகபாஓ. முன்வரிசை நாற்காலிமேல் தியாக அன்பு! எதிர்ப்பக்கமும் பாருங்கள். பிதா குமாரனிடத்தில் அன்பாயிருக்கிறார் என்பதை யோவான் 3:35இல் அகபாஓ என்றும், அதையே 5:20இல் ஃபிலேஓ என்றும் எழுதுகிறார். தேவ அன்புக்கு ஒரே சொல் என்ற கணக்கு யோவானிடமே செல்லவில்லை. யூதா நிருபத்தில் ஆதிச் சபையார் கூடிச் சாப்பிட்ட ‘அன்பின் விருந்துகள்’ வருகின்றன. கிரேக்கத்தில் அதற்கு அகாபேயின் பன்மை மட்டுமே நிற்கிறது. அங்கே ‘தியாக அன்புகளில்’ என்று போட்டுப் பார்க்க வேண்டியதுதான்.

அகாபேயின் ஆழம் சொல்லுக்குள் ஒளிந்திருக்கவில்லை, சிலுவையிலிருந்து வந்து சேர்ந்தது. அதனால்தான் யோவான் தம் முதல் நிருபத்தில், “அவர் தம்முடைய ஜீவனை நமக்காகக் கொடுத்ததினாலே அன்பு இன்னதென்று அறிந்திருக்கிறோம்” என்று எழுதுகிறார். சொல்லே எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்றால் அந்த வாக்கியத்துக்குத் தேவையே இல்லை.

இனி தியாகம். வடசொல் என்பதற்காக நான் இதைத் தள்ளவில்லை. தேவன், கிருபை, ஜீவன் எல்லாம் வடசொற்கள்தான், அவற்றோடு எனக்குச் சண்டை கிடையாது. த்யஜ் என்றால் விடுதல், துறத்தல். தமிழுக்கு வந்த பிறகு தியாகம் நெடுங்காலம் கொடையைக் குறித்தது. விக்கிரம சோழனுக்குத் தியாகசமுத்திரம் என்று ஒரு பட்டம். அவன் எதையும் இழந்ததால் வந்த பட்டமில்லை, கொடைக் கடல் என்று பொருள். அந்தப் பொருள் இன்றைக்கும் இருந்திருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுதவே வேண்டியதில்லை. இன்று தியாகம் என்றால் இழப்பு. அதிலும் கணக்கு வைத்த இழப்பு. “உனக்காக நான் எவ்வளவு தியாகம் பண்ணியிருக்கிறேன் தெரியுமா” என்று ஒருவர் ஆரம்பித்தால், அடுத்து ஒரு பட்டியல் வரப்போகிறது என்று எல்லோருக்கும் தெரியும். பார்வை கொடுத்தவர்மேலேயே நிற்கிறது. வாங்கியவர் கடன்காரர் ஆகிறார்.

ஆங்கிலச் சொல்லைப் பார்த்து எழுதுவதால் வந்த வினை இது. ஆங்கிலத்தில் சாக்ரிஃபைஸ் என்ற ஒரே சொல் பலிபீடத்தில் இடும் பலிக்கும் ஆகும், பிறருக்காக ஒன்றை விட்டுக்கொடுப்பதற்கும் ஆகும். தமிழில் அவை பலி என்றும் தியாகம் என்றும் தனித்தனியாக இருக்கின்றன. ‘சாக்ரிஃபிஷியல் லவ்’ என்று படித்ததும் அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்து ஒட்டிவிடுகிறார்கள். அந்த ஒட்டு, பவுல் எழுதிய ஒரு வசனத்தையே பொருளற்றதாக்கிவிடுகிறது என்பதை யாரும் யோசிப்பதில்லை. 1 கொரிந்தியர் 13:3: “எனக்கு உண்டான யாவற்றையும் நான் அன்னதானம்பண்ணினாலும், என் சரீரத்தைச் சுட்டெரிக்கப்படுவதற்குக் கொடுத்தாலும், அன்பு எனக்கிராவிட்டால் எனக்குப் பிரயோஜனம் ஒன்றுமில்லை.” சொத்தும் போயிற்று, உடலும் போயிற்று. இதைவிடப் பெரிய தியாகம் இல்லை. ஆனாலும் அகாபே அங்கே இல்லாமல் போகலாம் என்கிறார். தியாகமும் அகாபேயும் ஒன்றென்றால் இந்த வசனத்தை என்ன செய்வது?

தனித்தமிழ் அன்பர்கள் சிலர் தியாகத்துக்குப் பதில் ‘ஈகம்’ என்பார்கள். அந்த வழியில் ‘ஈக அன்பு’ என்று எழுதலாமே என்று தோன்றும். தியாகத்தைவிட இது ஒரு படி மேல். இழப்பை விட்டுவிட்டுக் கொடுத்தலைப் பிடிக்கிறது. ஆனால் ஈதலுக்குத் தமிழில் ஒரு நிலை உண்டு. ஈ, தா, கொடு மூன்றும் கேட்பவரின் தகுதியைப் பொறுத்தவை என்று தொல்காப்பியம் வகுக்கிறது: “ஈயென் கிளவி இழிந்தோன் கூற்றே”, தா என்பது ஒப்போன் கூற்று, கொடு என்பது உயர்ந்தோன் கூற்று. தாழ்ந்தவன் கேட்க, மேலே இருப்பவன் ஈகிறான். வள்ளுவரும் “வறியார்க்கொன்று ஈவதே ஈகை” என்றே சொல்கிறார். ஈபவர் எப்போதும் ஒரு படி மேலேதான். கிறிஸ்துவின் அன்பைப் பற்றிப் பேசும்போது இது சரிப்படாது, ஏனென்றால் அங்கே கொடுப்பவர் கீழே இறங்கியிருக்கிறார்.

பழைய தமிழ் வேதாகமம் பிடித்த சொல்லைப் பாருங்கள். கலாத்தியர் 2:20, “என்னில் அன்புகூர்ந்து எனக்காகத் தம்மைத்தாமே ஒப்புக்கொடுத்த தேவனுடைய குமாரன்.” எபேசியர் 5:2இலும் “ஒப்புக்கொடுத்து நம்மில் அன்புகூர்ந்ததுபோல” என்றுதான் இருக்கிறது. இரண்டிலும் அன்பு ஒரு சொல், ஒப்புக்கொடுத்தல் ஒரு சொல். ஒட்டுச்சொல் எதுவும் செய்யவில்லை. கிரேக்கத்தில் அங்குள்ள வினை பரதிதோமி. யூதாஸ் செய்ததற்கும் அதே வினைதான், அங்கே தமிழில் ‘காட்டிக்கொடுத்தான்’. யூதாஸ் காட்டிக்கொடுக்கிறான், பிலாத்து ஒப்புக்கொடுக்கிறான், குமாரன் தம்மைத்தாமே ஒப்புக்கொடுக்கிறார். மூன்றிலும் ‘கொடு’ அப்படியே இருக்கிறது. தொல்காப்பியக் கணக்கில் கொடு என்று கேட்பவன்தான் உயர்ந்தவன், கொடுப்பவன் தாழ இருக்கிறான். மொழிபெயர்த்தவர்கள் இதை யோசித்துச் செய்தார்கள் என்று நான் சொல்லவரவில்லை. ஆனாலும் பொருத்தத்தை ரசிக்கத் தடையில்லையே.

தாழ இருப்பது என்று சொன்னதும் மனத்தாழ்மைக்கு வர வேண்டியிருக்கிறது. பிலிப்பியர் 2இல் அன்பும் மனத்தாழ்மையும் பிரிக்க முடியாதபடி நிற்கின்றன. அங்குள்ள கிரேக்கச் சொல் தபேய்னோஃப்ரோசுனே: தபேய்னோஸ் தாழ்வு, ஃப்ரேன் மனம். மனத்தாழ்மை உறுப்புக்கு உறுப்பு சரியான தமிழ், இதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அதே பகுதியில் “தம்மைத்தாமே வெறுமையாக்கி” என்றதும் கிறிஸ்து இழந்தவற்றின் பட்டியல் வரும் என்று எதிர்பார்ப்போம். வருவது “அடிமையின் ரூபமெடுத்து”. விட்டதைச் சொல்லாமல் எடுத்ததைச் சொல்கிறது வசனம். தியாகம் என்ற சொல்லால் இதைச் சொல்லவே முடியாது.

யோவான் 13இல் இயேசு சீஷரின் கால்களைக் கழுவுகிற இடமும் இப்படித்தான். சீலையை அரையில் கட்டுவதற்கு முன், தாம் தேவனிடத்திலிருந்து வந்ததையும் தேவனிடத்திற்குப் போகிறதையும் அவர் அறிந்திருந்தார் என்று யோவான் குறித்துவைக்கிறார். தான் யார் என்று தெரிந்தவர் குனிகிறார். “நான் ஒன்றுமில்லாதவன், புழு” என்று மேடையில் சொல்லிக்கொள்வதற்கும் இதற்கும் தூரம் அதிகம். கொலோசெயரில் பவுல் “மாயமான தாழ்மை” என்று ஒன்றைச் சொல்கிறாரே, அது இந்த வகையாக இருக்கலாம் என்பது என் சந்தேகம்.

இன்னொன்றும் உண்டு, என் கோபத்துக்கு முக்கியக் காரணமே அதுதான். “தியாக அன்பு” யாரிடம் எதிர்பார்க்கப்படுகிறது என்று கவனியுங்கள். பெரும்பாலும் மனைவியிடம், தாயிடம், ஏற்கெனவே பணிந்து போகிறவர்களிடம். ஆனால் எபேசியர் 5இல் “தம்மைத்தாமே அதற்காக ஒப்புக்கொடுத்தார்” என்ற முன்மாதிரி “புருஷர்களே” என்று விளித்துக் கணவன்மாருக்குச் சொல்லப்பட்டது. ‘தம்மைத்தாமே’ என்ற சொல்லும் சும்மா வரவில்லை. பிலிப்பியரில் “தம்மைத்தாமே தாழ்த்தினார்” என்பதும் அப்படியே. தன்னைத் தானே தாழ்த்துவது வேறு, இன்னொருவர் தாழ்த்திவிட்டு அதற்கு மனத்தாழ்மை என்று பெயர் வைப்பது வேறு. ‘ஒப்புக்கொடு’ என்னும்போது யார் கொடுப்பது என்ற கேள்வி கூடவே வரும், ‘தியாக அன்பு’ அந்தக் கேள்வியை விழுங்கிவிடுகிறது.

சரி, எதைத்தான் எழுதுவது? அகாபே வருமிடத்தில் பெரும்பாலும் வெறும் ‘அன்பு’ போதும். “அன்புடையார் என்பும் உரியர் பிறர்க்கு” என்று வள்ளுவர் எழுதிய சொல் அது. எலும்பையும் கொடுக்கத் துணிந்த சொல்லுக்கு அடைமொழி எதற்கு? கொடுத்தலையும் சேர்த்துச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘தன்னை ஒப்புக்கொடுக்கும் அன்பு’ என்று எழுதலாம். கத்தோலிக்க வழக்கில் ‘கையளித்தல்’ இருக்கிறது, அதுவும் நல்ல சொல். ‘தன்னைக் கையளிக்கும் அன்பு’. கொஞ்சம் நீளம்தான். தலைப்புக்கு இடம் போதவில்லை என்றால் ‘தன்னைத் தரும் அன்பு’ இருக்கிறது: “இனி நான் உங்களை ஊழியக்காரரென்று சொல்லுகிறதில்லை” என்று சீஷரைச் சிநேகிதர் ஆக்கிய யோவான் 15க்கு, ஒப்போன் கூற்றாகிய ‘தா’ நன்றாகவே பொருந்தும். ‘தியாகப் பலி’ என்று ஒன்று இப்போது கிளம்பியிருக்கிறது, அதைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும்.