என்கே செல் கூடினால் புற்றுநோய் குறையுமா?

"இன்டர்லூகின்-15னு ஒண்ணு இருக்காமே, உங்க லேப்ல கிடைக்குமா சார்?" புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுப்பவர்களின் வீட்டிலிருந்து அவ்வப்போது இப்படி ஒரு போன் வரும். கூடவே ஏதாவது கிளினிக்கின் விளம்பரமும் வாட்ஸ்ஆப்பில் வந்து விழும். ரத்தம் எடுத்து, அதிலுள்ள என்கே செல்கள் என்ற நோய் எதிர்ப்பு செல்களைப் பெருக்கி, திரும்ப உடம்பில் ஏற்றுவார்களாம். பக்கவிளைவே கிடையாதாம்.

எங்கள் ஆய்வக ஃப்ரீசரில் இன்டர்லூகின்-15 என்ற அந்தப் புரதம் இருப்பது உண்மைதான். ஆனால் அது மருந்து இல்லை.

என்கே என்கிற நேச்சுரல் கில்லர் செல்களை 1975இல் ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் கீஸ்லிங் குழுவினர் எலிகளில் கண்டு விவரித்தார்கள். நம் உடம்பின் செல்கள் கிட்டத்தட்ட எல்லாமே 'நான் உன் ஆள்' என்று காட்ட ஓர் அடையாளப் புரதத்தை மேலே தாங்கியிருக்கும். டி செல்கள் என்ற இன்னொரு வகை எதிர்ப்பு செல்களிடமிருந்து தப்புவதற்காகச் சில புற்றுசெல்கள் அந்த அடையாளத்தையே ஒளித்துவிடும். அப்படி ஒளித்ததை என்கே செல் பிடித்துக்கொள்ளும். என்கே செல் பிழைத்திருக்கவும் பெருகவும் இன்டர்லூகின்-15 வேண்டும்.

ஆய்வுக்கு வாங்கும் இன்டர்லூகின்-15 பெரும்பாலும் ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் மனித ஜீனை வைத்துத் தயாரித்தது. குப்பியில் சில மைக்ரோகிராம்தான் இருக்கும். பார்த்தால் காலிக் குப்பி மாதிரியே தெரியும்; மூடியில் ஒட்டியிருந்தால் போச்சு என்பதால் திறக்கும் முன்பே சென்ட்ரிஃப்யூஜில் ஒரு சுற்று சுற்றிவிடுவோம். கரைத்து, சின்னச் சின்னக் குழாய்களில் பிரித்து, மைனஸ் 80 டிகிரியில் வைப்போம். ஒருமுறை உருகிய குழாயைத் திரும்ப உறைய வைக்க மாட்டோம், வீரியம் போய்விடும்.

லேபிளில் 'ஆராய்ச்சிப் பயன்பாட்டுக்கு மட்டும்' என்று இருக்கும். அது சும்மா போட்ட வரி இல்லை. புரதம் எவ்வளவு தூய்மை, செல்களை வளர்க்கிறதா, பாக்டீரியாவின் மேலுறையிலிருந்து வரும் எண்டோடாக்சின் என்ற நச்சு எவ்வளவு என்பது வரை கம்பெனி சோதித்திருக்கும். மனிதருக்கு எந்த அளவு தாங்கும் என்பதற்கு அந்தக் குப்பியில் யாரும் உத்தரவாதம் தரவில்லை. எண்டோடாக்சின் ரத்தத்தில் கலந்தால் காய்ச்சல் வரும், ரத்த அழுத்தம் சரியும்.

சரி, செல் வளர்க்கும் ஆய்வகத் தட்டில் என்ன நடக்கிறது? இன்டர்லூகின்-15 கொடுத்து வளர்த்த என்கே செல்களை கே562 என்ற ரத்தப் புற்றுசெல்களோடு சேர்த்து வைத்தால், நாலு மணி நேரத்தில் புற்றுசெல்கள் கணிசமாகச் செத்திருக்கும். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் கே562வில் அந்த அடையாளப் புரதம் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. என்கே செல்லுக்கு அது சுலபமான இரை. நிஜக் கட்டிக்குள் என்கே செல்கள் நுழைவதே குறைவு, நுழைந்தாலும் அங்குள்ள ரசாயனங்கள் அவற்றை மந்தமாக்கிவிடும்.

இதற்கு மனிதரிலேயே சான்று இருக்கிறது. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் மருந்துத் தரத்தில் இன்டர்லூகின்-15 தயாரித்து, நோய் பரவிய 18 பேருக்கு ரத்தத்தில் செலுத்திப் பார்த்தது. முடிவுகள் 2015இல் வெளிவந்தன. என்கே செல்கள் பத்து மடங்கு வரை பெருகின. காய்ச்சலும் குளிரும் வந்தன, ரத்த அழுத்தம் இறங்கியது. ஆனால் 'பலன்' என்று அளவுகோல்படி எழுதும் அளவுக்கு யாருக்கும் கட்டி சுருங்கவில்லை. இப்போது கிளினிக்காரர் 'என்கே எண்ணிக்கை கூடியிருக்கு பாருங்க' என்று ரிப்போர்ட் நீட்டினால் அதற்கு எவ்வளவு மதிப்பு என்று நீங்களே முடிவு செய்யலாம்.

அதற்காக இந்தப் புரதமே வீண் என்று சொல்லவில்லை. இதையே கொஞ்சம் மாற்றி, உடம்பில் அதிக நேரம் நிற்கும்படி செய்த ஆன்க்டிவா என்ற மருந்துக்கு 2024 ஏப்ரலில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ ஒப்புதல் கொடுத்தது. பிசிஜி (காசநோய்த் தடுப்பூசியாகவும் போடுவது) மருந்துக்கு அடங்காத, தசைக்குள் இறங்காத ஒருவகைச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கு மட்டும், பிசிஜியோடு சேர்த்து, நேராகச் சிறுநீர்ப்பைக்குள் செலுத்துவார்கள். ஆய்வில் 77 பேரில் 62 சதவீதத்தினருக்குப் புற்று முழுதாக மறைந்தது. எந்தப் புற்று, எந்த வழி, எதோடு சேர்த்து என்று இவ்வளவு குறுக்கிய பிறகு கிடைத்த வெற்றி அது.

செல்லை வெளியே வளர்ப்பதிலும் ஆபத்து உண்டு. 2024இல் டோக்கியோவில் ஒரு தனியார் கிளினிக்கில், புற்றுநோய் வராமல் தடுக்க என்று தங்கள் சொந்த என்கே செல்களையே ஏற்றிக்கொண்ட இருவர் ரத்தத்தில் கிருமித் தொற்றோடு மருத்துவமனையில் சேர்ந்தார்கள். ஜப்பான் அரசு அந்தச் சிகிச்சையை நிறுத்தச் சொல்லி அவசர உத்தரவு போட்டது.

யாராவது இந்தச் சிகிச்சையைச் சொன்னால், இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடான சிடிஆர்ஐயின் பதிவு எண்ணைக் கேளுங்கள். ஆய்வு என்று சொல்லிவிட்டு லட்சக்கணக்கில் பணமும் கேட்டால் அங்கேயே சந்தேகப்படலாம். ஏற்கெனவே ஏற்றிக்கொண்டிருந்தால் உங்கள் புற்றுநோய் மருத்துவரிடம் மறைக்காதீர்கள், அவர் திட்டினாலும் பரவாயில்லை. ஏற்றிய பிறகு குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால், அதுவும் கீமோவில் வெள்ளணு குறைந்திருக்கும் நேரமாக இருந்தால், விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.