டிம் சம் என்றால் கொழுக்கட்டை இல்லை

என் அத்தை பிறந்தது வியட்நாமின் சைகோனில், வளர்ந்ததும் வாழ்வதும் புதுச்சேரி முத்தியால்பேட்டையில். அவருடைய எழுபத்தைந்தாவது பிறந்தநாளுக்குச் சென்னையில் ஒரு நட்சத்திர ஓட்டலின் கான்டனீஸ் (தென்சீன) உணவகத்துக்குக் கூட்டிப்போனோம். இரவு எட்டு மணி. "டிம் சம் என்னென்ன இருக்கு தம்பி?" என்று அத்தை கேட்டார். "அது மதியம் மட்டும்தான் மேடம், மூணு மணியோட முடிஞ்சிடும்" என்று பதில் வந்தது. இவ்வளவு விலை வாங்குகிற இடத்தில் நாலு கொழுக்கட்டை அவிக்க முடியாதா என்று எனக்கு எரிச்சல். அத்தை அசரவில்லை. "சரிதானேடா, ராத்திரியில யாராவது டியெம் தம் சாப்பிடுவாங்களா?" என்றார்.

வியட்நாமியர் மொழியில் டியெம் தம் என்றால் காலைச் சாப்பாடு. பிரெஞ்சுப் படையிலும் அலுவலகங்களிலும் வேலை பார்க்க, வியட்நாம் அடங்கிய இந்தோசீனாவுக்குப் போன புதுச்சேரிக்காரர்கள், திரும்பும்போது நெம் என்கிற வியட்நாமிய ஸ்பிரிங் ரோல் செய்யும் கைப்பக்குவத்தோடு இப்படிச் சில சொற்களையும் கொண்டுவந்தார்கள். ஆனால் இது வியட்நாமில் பிறந்த சொல் இல்லை. டிம் சம், டியெம் தம் இரண்டும் ஒரே சீன எழுத்து இணையின் இரு உச்சரிப்புகள். முதல் எழுத்துக்குப் புள்ளி, தொடுதல் என்று பொருள். இரண்டாவது, நெஞ்சு அல்லது மனம். பெய்ஜிங் பக்கத்து மாண்டரினில் இதையே டியென் ஷின் என்பார்கள். கான்டனீஸ் என்பது குவாங்சோ, ஹாங்காங் பக்கத்துப் பேச்சு. 'கான்டன்' என்ற பெயரே குவாங்டோங் மாகாணத்தின் பெயரைப் போர்ச்சுகீசியர் தங்கள் வாய்க்கு வந்தபடி சொன்னதுதான்.

'நெஞ்சைத் தொடுவது' என்று கவிதையாக விளக்கம் எழுதுகிறவர்கள் நிறைய. எனக்கு அதில் அவ்வளவு ருசி இல்லை. தாங் அரசர்கள் காலத்தில் (618–907) இது வினைச்சொல்லாகவே வழங்கியது. முழுச் சாப்பாட்டுக்கு முன்னால் வயிற்றுக்குக் கொஞ்சம் போட்டுக்கொள்வது, அவ்வளவுதான். பிறகு அப்படிப் போட்டுக்கொள்ளும் பண்டத்துக்கே அது பெயராகிவிட்டது. ஊருக்கு ஊர் வேளையும் மாறிவிட்டது. வியட்நாமில் காலை உணவு. கொரியாவில் 'ஜொம்ஷிம்' என்றால் மதிய உணவு (கொரியத் தொடர் பார்க்கும் பிள்ளைகளைக் கேட்டால் சொல்வார்கள்). கான்டனீஸில் தேநீரோடு சாப்பிடும் சின்னச் சின்னப் பண்டங்கள். அங்கே வீட்டில் "டிம் சம் சாப்பிடப் போகலாம்" என்பதைவிட "யம் சா போகலாம்" என்பதே வழக்கம். யம் சா என்றால் தேநீர் குடிப்பது. நாம் "டீ குடிச்சிட்டு வரலாம்" என்று கிளம்பி ரெண்டு வடையும் தின்றுவிட்டு வருகிறோமே, அதே கதைதான்.

அடுத்த மாதம் மதியமே போனோம். முதலில் தேநீர் வந்தது, ஆளுக்கு இவ்வளவு என்று தனி விலை. குடுவை காலியானால் கூப்பிட வேண்டியதில்லை, மூடியைச் சாய்த்து வைத்தால் போதும், வெந்நீர் ஊற்றிவிடுவார்கள். ஊற்றுகிறவருக்கு நன்றியாக இரண்டு விரலால் மேசையைத் தட்டுவது கான்டனீஸ் பழக்கம். அப்புறம் மூங்கில் கூடை வந்தது. மூடியைத் திறந்ததும் அத்தையின் கண்ணாடி பூத்துப்போனது. உள்ளே ஹா காவ் என்கிற இறால் டிம் சம், நாலே நாலு. கோதுமை மாவிலிருந்து பிரித்தெடுத்த ஸ்டார்ச்சில் செய்த மேல்மாவு என்பதால் வெந்தபின் கண்ணாடிபோல் ஆகி, இறாலின் சிவப்பு வெளியே தெரிகிறது. ஒரு பக்கம் மட்டும் கொசுவம் வைத்ததுபோல் மடிப்புகள். அத்தை எண்ணிப் பார்த்தார், பத்து.

இதைக் கொழுக்கட்டை என்று சொன்னால் தப்பே இல்லை. இறால் கொழுக்கட்டை என்றே எழுதலாம், நன்றாகவும் இருக்கும். ஆனால் அதே சாப்பாட்டில் வறுத்த முள்ளங்கிக் கட்டியும் வந்தது, முட்டை டார்ட்டும் வந்தது. மூன்றுமே டிம் சம். ஆகவே அதை ஒரு பண்டத்தின் பெயராக எடுத்துக்கொண்டு கொழுக்கட்டை, மோமோ என்று மொழிபெயர்ப்பது, டிபன் என்றால் இட்லி என்று சொல்வதுபோல.

சரி, தமிழில் என்ன? பலகாரம் பொருந்தும், ஆனால் அது வடமொழி 'ஃபல' (பழம்) + ஆகாரம், அதாவது பழ உணவு. இன்று நாம் பலகாரம் என்று எண்ணெய்ச் சட்டியிலிருந்து எடுப்பதில் பழம் எங்கே இருக்கிறது? சிற்றுண்டி நல்ல தமிழ், பொருளும் சரி. அகராதிக்கு அதையே பரிந்துரைப்பேன். என் மனசு மட்டும் வேறொரு சொல்லில் நிற்கிறது. காரைக்கால், பரங்கிப்பேட்டை முஸ்லிம் வீடுகளில் காலையில் "பசியாறிட்டீங்களா?" என்று கேட்பார்கள். காலைச் சாப்பாடு ஆயிற்றா என்று அர்த்தம். மலேசியத் தமிழரிடமும் இந்த வழக்கு உண்டு. சீனச் சொல்லைப் போலவே இதுவும் ஒரு வினை. பண்டத்தைச் சொல்லாமல் வேளையைச் சொல்கிறது. உணவகங்கள் அட்டையில் 'பசியாறல்: பகல் 12 முதல் 3 வரை' என்று போட்டுவிட்டால், என்னைப் போல எட்டு மணிக்குப் போய் யாரும் முகம் சுளிக்க வேண்டியிருக்காது.