ஒரு கிரகணமும் ஒரு பெருக்கல் கணக்கும்

சுமார் 6 கோடி ஒளியாண்டு தள்ளி என்.ஜி.சி. 1365 என்றொரு சுருள் கேலக்ஸி இருக்கிறது. அதன் நடுவில் உள்ள ராட்சதக் கருந்துளை வாயுவை விழுங்கிக்கொண்டே இருப்பதால் மையம் எக்ஸ் கதிர்களில் ஜொலிக்கிறது. ஆனால் சந்திரா எக்ஸ் கதிர் விண்தொலைநோக்கியிலேயே (ஆமாம், நம்ம வானியற்பியலாளர் சந்திரசேகர் பெயர்தான்) பார்த்தாலும் அந்த மையம் வெறும் புள்ளி. அப்புறம் அதைச் சுற்றி என்ன இருக்கிறது என்று எப்படிச் சொல்வது?

2006 ஏப்ரலில் இரண்டு வாரத்துக்கு, ஏறக்குறைய இரண்டு நாளுக்கு ஒருமுறை, ஆறு தடவை பார்த்தார்கள். இரண்டாவது தடவை மட்டும் மையத்திலிருந்து நேராக வரும் கதிரைக் காணோம், அடுத்த தடவை பார்த்தால் பழையபடி வந்துகொண்டிருக்கிறது. கருந்துளை அணைந்து எரியவில்லை, அடர்ந்த வாயு மேகம் ஒன்று குறுக்கே போயிருக்கிறது. கிரகணம்தான்.

எனக்குப் பிடித்தது இதற்குப் பின்னால் இருக்கும் எளிய கணக்கு. மேகம் நொடிக்கு 5,000 கி.மீ. வேகத்தில் ஓடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தடவைக்கும் அடுத்த தடவைக்கும் இடைப்பட்ட இரண்டு நாளுக்குள் அது மையத்தை முழுக்க மூடிவிட்டது. இரண்டு நாளில் 1,72,800 நொடி, பெருக்கினால் 86 கோடி கி.மீ., அதாவது பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைப் போல ஆறு மடங்கு. எக்ஸ் கதிர் வரும் இடம் ஏறத்தாழ அவ்வளவுதான்! ஆய்வாளர்கள் சொன்னது ஏழு மடங்கு. மேகமும் கருந்துளையிலிருந்து ஒளியாண்டில் நூறில் ஒரு பங்கு தூரத்தில்தான் இருந்திருக்கிறது. கருந்துளையைச் சுற்றி உளுந்த வடை மாதிரி ஒரு தூசு வளையம் எட்ட நிற்கிறது என்பது பழைய படம், இந்த மேகமோ அதைவிட ரொம்ப உள்ளே.

கிரகணத்திலும் மறையாத ஒன்று உண்டு. எக்ஸ் கதிர் இரும்பு அணுவின் உள்கூட்டு எலக்ட்ரானைத் தட்டிவிட, மேலே இருக்கும் ஒன்று அந்த இடத்துக்கு இறங்கும்போது 6.4 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில், நிறமாலையில் ஒரு கோடு விழும். நேர்க்கதிர் மறைந்த அன்றும் அது தெரிந்தது என்றால், அதை வீசும் பொருள் நிழலுக்கு வெளியே, தள்ளி இருக்கிறது.

2023இல் ஜப்பான் ஏவிய எக்ஸ்ரிஸம் என்ற எக்ஸ் கதிர் விண்தொலைநோக்கி, இதே கோட்டை இன்னும் நுணுக்கமாகப் பிரிக்கிறது. ஒரே ஒரு எக்ஸ் கதிர்த் துகள் விழுந்து உண்டாகும் துளி வெப்பத்தையும் அளக்க, அதன் உணரியை 0.05 கெல்வினில் வைத்திருக்கிறார்கள். கருந்துளைக்குப் பக்கத்தில் வேகமாகச் சுற்றும் இரும்பின் கோடு அகலமாக இருக்கும், தூரத்தில் மெதுவாகச் சுற்றுவது ஒல்லியாக இருக்கும். என்.ஜி.சி. 4151 என்ற இன்னொரு கேலக்ஸியில் அந்த ஒற்றைக் கோட்டுக்குள்ளேயே கருந்துளையை ஒட்டிச் சுழலும் வாயுத் தட்டு, நடுப்பகுதி மேகங்கள், வெளி வளையம் என மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன.