சொல் விளக்கம்: பூட், ஏற்றி, காணோம்

"அண்ணே, என்.டி.எல்.டி.ஆர். மிஸ்ஸிங்னு வருது. யாரு அவரு, எங்க போனாரு?"

சித்தி மகன் தொலைபேசியில் கேட்டது இது. விண்டோஸ் எக்ஸ்பி ஓடும் பழைய கணினி. பொத்தானை அழுத்தினால் விசிறி சுற்றுகிறது, ஒரு பீப் சத்தம், அப்புறம் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் அந்த ஒரே வரி. கன்ட்ரோல், ஆல்ட், டெலீட் மூன்றையும் சேர்த்து அழுத்தித் திரும்பத் தொடங்கு என்று அடியில் இன்னொரு வரி. அழுத்தினால் மறுபடி அதே கறுப்புத் திரை, அதே வரி. "பூட்டே ஆக மாட்டேங்குதுண்ணே."

அவன் சொன்னதில் மூன்று சொற்கள் இருக்கின்றன: பூட், அந்த ஐந்தெழுத்து ஆசாமி, மிஸ்ஸிங். மூன்றுக்கும் தமிழ் தேடிப் போனால் பழுது எங்கே என்பதும் கூடவே தெரிந்துவிடும் என்பது என் எண்ணம்.

முதலில் பூட். நம் 'பூட்டு'க்கும் இதற்கும் உறவில்லை, ஒலி மட்டும் ஒத்துப்போகிறது. 'சிஸ்டம் பூட் ஆகல' என்பதைக் கேட்டு, கணினி பூட்டிக்கொண்டதாக நினைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வேடிக்கை என்னவென்றால், தமிழில் பூட்டு என்பதற்கே 'பூணச் செய்' என்ற பழைய பொருள் உண்டு. ஏர் பூட்டுவது, வண்டி பூட்டுவது எல்லாம் அதுதான். வண்டி புறப்பட வேண்டுமானால் முதலில் பூட்ட வேண்டும். அந்த வகையில் கணினிக்கும் அது பொருந்தித்தான் வருகிறது. ஆனால் தற்செயலை வேர்ச்சொல் ஆக்கிவிடக் கூடாது.

ஆங்கிலத்தில் இது 'பூட்ஸ்ட்ராப்' என்பதன் சுருக்கம். உயரமான பூட்ஸைக் காலில் மாட்டும்போது பிடித்து இழுக்க, மேல் விளிம்பில் ஒரு வார் இருக்குமே, அதுதான் பூட்ஸ்ட்ராப். அந்த வாரைப் பிடித்து இழுத்துத் தன்னையே தரையிலிருந்து தூக்கிக்கொள்வது என்பது நடக்காத காரியத்துக்குச் சொல்லப்பட்ட கேலி. 1834-இலேயே அமெரிக்கப் பத்திரிகை ஒன்றில் அந்தக் கேலி வந்துவிட்டது. சதா இயங்கும் எந்திரத்தைக் கண்டுபிடித்துவிட்டதாகச் சொன்ன ஒருவரை, பூட்ஸ் வாரைப் பிடித்துத் தன்னைத் தானே ஆற்றுக்கு அக்கரையில் கொண்டுபோய்ச் சேர்த்தாரோ என்று சீண்டியிருந்தார்கள். முன்சௌசன் பிரபுவின் கதையிலிருந்து வந்தது என்று பலரும் எழுதுவார்கள். அந்தப் புளுகர் சேற்றிலிருந்து தன்னைத் தூக்கிக்கொண்டது தலைமுடியைப் பிடித்து. பூட்ஸைப் பிடித்து அல்ல.

கணினிக்கு இந்தச் சொல் எப்படி ஒட்டிக்கொண்டது? கணினி ஒரு நிரலை ஓட்ட வேண்டுமானால், அது நினைவகத்தில் இருக்க வேண்டும். நினைவகத்தில் ஏற்றுவதற்கும் ஒரு நிரல் வேண்டும். அந்த நிரலை ஏற்றுவது யார்? கோழியா முட்டையா கதைதான். ஐ.பி.எம். 701 கணினியில் இதற்கு 'லோட்' என்று ஒரு பொத்தான் வைத்தார்கள். அழுத்தினால் அட்டையிலிருந்தோ நாடாவிலிருந்தோ 36 பிட் கொண்ட ஒரே ஒரு சொல் நினைவகத்துக்கு வரும். அதில் உள்ள கட்டளை இன்னும் கொஞ்சத்தை இழுத்துவரும், அது இன்னும் கொஞ்சத்தை. அந்தக் கணினியைப் பற்றி 1953-இல் வெளியான கட்டுரையில் வெர்னர் பூக்ஹோல்ட்ஸ் இதை 'பூட்ஸ்ட்ராப் உத்தி' என்று குறிப்பிட்டார். நடக்காது என்று கேலி செய்யப்பட்டது, நாள்தோறும் நடக்கும் வேலைக்குப் பெயராகிவிட்டது. வாரும் போய், கடைசியில் பூட்ஸ் மட்டும் மிஞ்சியது.

தமிழில் கலைச்சொல் பட்டியல்களைப் புரட்டினால் 'இயக்கத் தொடக்கம்' கிடைக்கும். 'துவக்கம்' என்றும் எழுதுகிறார்கள். துவக்கம் வேண்டாம் என்பேன். ஈழத் தமிழில் துவக்கு என்றால் துப்பாக்கி; 'கணினியைத் துவக்கு' என்று எழுதினால் அங்கே ஒரு கணம் திடுக்கிடுவார்கள். தொடக்கம் நல்ல சொல். ஆனால் ஆங்கிலச் சொல்லுக்குள் இருந்த படம் அதில் இல்லை. தொடங்குகிறது, சரி, எப்படித் தொடங்குகிறது?

அந்தப் படத்தைத் தமிழ் இலக்கணமே வரைந்து வைத்திருக்கிறது. ஏறு என்பது தன்வினை, ஏற்று என்பது பிறவினை. தொடங்கு, தொடக்கு, இயங்கு, இயக்கு, அடங்கு, அடக்கு எல்லாம் இதே சோடிகள். மூட்டை தானாக ஏறாது, ஒருவர் ஏற்ற வேண்டும். ஏற்றுபவரும் மூட்டையும் ஒன்றாகவே இருந்தால்? அதுதான் பூட்ஸ்ட்ராப். ஆகவே எனக்குப் பிடித்த சொல் 'தன்னேற்றம்'. இயக்கத் தொடக்கத்தைத் தள்ளிவிட்டு இதை வைக்கச் சொல்லவில்லை. பொது வழக்குக்கு அது இருக்கட்டும், உள்ளே நடப்பதை விளக்கும்போது இதை எடுத்துக்கொள்ளலாம்.

இப்போது அந்த ஐந்தெழுத்து ஆசாமி. முதல் இரண்டு எழுத்துகள் விண்டோஸ் என்.டி. என்ற குடும்பப் பெயர். அடுத்த மூன்றும் 'லோடர்' என்பதன் எலும்புக்கூடு. லோடருக்குத் தமிழ் 'ஏற்றி'. வினையோடு இகரம் சேர்த்துக் கருவிப் பெயர் ஆக்குவது கணினித் தமிழுக்குக் கைவந்த வழி: உலாவி, வருடி, திருத்தி. மின்னேற்றி என்று சார்ஜருக்கு ஏற்கெனவே ஒரு ஏற்றி இருக்கிறதே என்றால், இருக்கட்டும். அது மின்சாரத்தை ஏற்றுகிறது, இது இயங்குதளத்தை ஏற்றுகிறது. விளக்கையும் நாம் ஏற்றத்தான் செய்கிறோம். ஒரு திரியிலிருந்து அடுத்த திரிக்கு நெருப்பு போவதுபோலத்தான் இங்கேயும் வேலை கைமாறுகிறது.

கைமாறும் வரிசையைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். மின்சாரம் வந்ததும் தாய்ப்பலகையின் சில்லில் உறைந்திருக்கும் பயாஸ் என்ற சிறு நிரல் கண்விழிக்கிறது. நினைவகம், விசைப்பலகை எல்லாம் இருக்கிறதா என்று தட்டிப் பார்த்துவிட்டு, வட்டின் முதல் துண்டை (செக்டர்) மட்டும் படிக்கிறது. அதன் மொத்த அளவு 512 பைட். அதிலும் 64 பைட் வட்டுப் பிரிப்பு அட்டவணைக்கு, 2 பைட் கடைசி முத்திரைக்கு. மிச்சம் 446 பைட்டுக்குள் நிரல் அடங்க வேண்டும். யூ.டி.எஃப்-8 குறியீட்டில் ஒரு தமிழ்க் குறி 3 பைட் பிடிக்கும் என்பதால், நீங்கள் இப்போது படிக்கும் இந்தப் பத்திகூட அதற்குள் அடங்காது. அவ்வளவு சின்ன இடத்தில் இருப்பவனால் விண்டோஸைத் தூக்க முடியுமா? அவன் செய்வது ஒன்றுதான்: எந்தப் பிரிவில் இயங்குதளம் இருக்கிறது என்று பார்த்து, அந்தப் பிரிவின் தொடக்கப் பகுதியை எழுப்பிவிடுகிறான். அந்தப் பகுதி, சி டிரைவின் வாசலிலேயே இருக்கும் நம் ஏற்றியைத் தேடுகிறது. எக்ஸ்பியில் ஏற்றி சுமார் 250 கிலோபைட் கனம், பின்னொட்டுகூட இல்லாத வெறும் பெயர். அது பூட்.ஐ.என்.ஐ. கோப்பைப் படித்து, என்.டி.டிடெக்ட் என்ற துணையாளை அனுப்பி வன்பொருளைக் கணக்கெடுத்து, கடைசியில் விண்டோஸின் கருவை நினைவகத்தில் ஏற்றுகிறது.

இவையெல்லாம் 'சிஸ்டம் ஃபைல்'கள். பேச்சில் நாம் கணினியையே சிஸ்டம் என்பதால் இது குழப்பும். முறைமைக் கோப்பு என்றால் குழப்பம் இல்லை. கோப்பு என்ற சொல்லில் ஓர் அழகு இருக்கிறது. கோ என்றால் நூலில் கோப்பது, அதிலிருந்து கோப்பு. ஆங்கில 'ஃபைல்' வந்ததும் நூலைக் குறிக்கும் 'ஃபீலும்' என்ற இலத்தீன் சொல்லிலிருந்துதான். காகிதங்களை நூலில் கோத்துவைத்த பழக்கத்தை இரண்டு மொழிகளும் தனித்தனியே நினைவு வைத்திருக்கின்றன.

மூன்றாவது சொல் மிஸ்ஸிங். இதை 'இல்லை' என்றோ 'தொலைந்துவிட்டது' என்றோ பெயர்த்தால் தப்பான இடத்தில் கைவைப்போம். பேச்சில் சொல்லும் 'காணோம்' தான் கச்சிதம். காண் என்ற வினையில் எதிர்மறை. 'நாங்கள் பார்க்கவில்லை' என்பதுதான் அதன் உள்பொருள். அந்தச் செய்தியை எழுதுவது விண்டோஸ் அல்ல, பிரிவின் தொடக்கப் பகுதியில் உட்கார்ந்திருக்கும் குட்டி நிரல். கோப்பு அழிந்ததா, வட்டு மாறிவிட்டதா என்று அதற்குத் தெரியாது. தேடினேன், என் கண்ணில் படவில்லை என்று மட்டும் சொல்கிறது. பக்கத்திலேயே 'ஏற்றி சுருக்கப்பட்டிருக்கிறது' என்று வேறொரு செய்தியும் அதன் கையில் உண்டு. இடம் மிச்சம் பிடிக்கலாம் என்று யாராவது சி டிரைவைச் சுருக்கி, அதில் ஏற்றியும் சிக்கிக்கொண்டால் அது வரும். சுருக்கத்தை விரிக்க அந்தக் குட்டி நிரலுக்குத் தெரியாது.

ஆகவே கண்ணில் படாததற்கு எளிய காரணம் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பென் டிரைவோ ஃபிளாப்பியோ செருகியிருந்தால் கழற்றுங்கள். கணினி அதில் போய் ஏற்றியைத் தேடிக்கொண்டிருக்கலாம். அப்புறம் பயாஸுக்குள் போய் வட்டு தெரிகிறதா, தொடக்க வரிசையில் அது முதலில் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய கணினியில் தாய்ப்பலகையின் நாணய வடிவ மின்கலம் தீர்ந்து, தேதியும் வரிசையும் மறந்துபோவது சகஜம். வட்டு தெரியவே இல்லை என்றால் கேபிளைக் கழற்றி மாட்டுங்கள். வட்டிலிருந்து டக் டக் என்று சத்தம் வந்தால் மேற்கொண்டு எதையும் செய்யாதீர்கள். படங்களையும் ஆவணங்களையும் வேறு கணினியில் மாட்டிக் காப்பாற்றுவதுதான் முதல் வேலை.

தம்பியின் கணினியில் எல்லாம் சரியாகவே இருந்தது. அப்படியானால் கோப்பு நிஜமாகவே இல்லை. எக்ஸ்பியின் நிறுவு சிடி கைவசம் இருந்ததால் பிழைத்தோம். சிடியிலிருந்து தொடங்கி, நீலத் திரை வந்ததும் 'ஆர்' விசை. ரெகவரி கன்சோல் என்ற மீட்பு முனையம் திறக்கும். எந்த விண்டோஸ் என்று கேட்கும், 1 என்று அடித்து, நிர்வாகி கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டும். பிறகு 'காப்பி' கட்டளையால் சிடியின் ஐ386 கோப்புறையிலிருந்து ஏற்றியையும் அந்த என்.டி.டிடெக்ட் துணையாளையும் சி டிரைவின் வாசலுக்கு நகலெடுத்தோம். வேலை அவ்வளவுதான். இதிலும் தீராவிட்டால் 'ஃபிக்ஸ்பூட்' கட்டளை பிரிவின் தொடக்கப் பகுதியைப் புதிதாக எழுதும், 'ஃபிக்ஸ்எம்பிஆர்' வட்டின் முதல் துண்டில் உள்ள நிரலை. தேவைப்படாமல் அவற்றைத் தொட வேண்டாம்.

விஸ்டா வந்தபோது இந்த ஏற்றிக்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். அந்த இடத்துக்கு 'பூட்எம்ஜிஆர்' வந்தது. தொடக்க மேலாளர் என்று சொல்லிக்கொள்ளலாம். அவரும் அவ்வப்போது காணாமல் போவார்.

சிடியை எடுத்துவிட்டுத் திரும்பத் தொடங்கியபோது, பூட்.ஐ.என்.ஐ. சரியில்லை, சி டிரைவின் விண்டோஸ் கோப்புறையிலிருந்தே தொடங்குகிறேன் என்று ஒரு வரி வந்து மறைந்தது. அதுவும் போயிருக்கிறது! மூன்று கோப்புகள் தாமாகச் சேர்ந்து காணாமல் போகுமா? தம்பியைக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"இடம் பத்தலன்னு, மறைஞ்சிருக்கிற ஃபைல் எல்லாம் தெரியுற மாதிரி வச்சுப் பார்த்தேண்ணே. சி டிரைவ்ல பேரு வெளங்காம மூணு கெடந்துச்சு. அவரு யாருன்னு தெரியாமத்தான் அனுப்பிட்டேன்."