வால்வு ரேடியோவில் கருகிய ரெசிஸ்டரை மட்டும் மாற்றாதீர்கள்

பரணில் கிடந்த வால்வு ரேடியோவை இறக்கித் தூசி தட்டி, நேராக பிளக்கில் செருகிப் பார்த்த பிறகுதான் பலரும் என்னிடம் கொண்டுவருகிறார்கள். "லேசா புகை வந்துச்சு, அப்புறம் பாடல" என்பார்கள். திறந்தால் ஒரு ரெசிஸ்டர் கருகியிருக்கும். அதை மட்டும் மாற்றினால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. ரெசிஸ்டர் பெரும்பாலும் தானாகக் கருகுவதில்லை. அளவுக்கு மீறிக் கரண்ட் இழுத்தது எது என்று தேட வேண்டும்.

இ.எல்.84 அவுட்புட் வால்வு (ஸ்பீக்கரை ஓட்டும் கடைசி வால்வு) உள்ள செட்டில் கேத்தோடு ரெசிஸ்டர், அதாவது வால்வில் எலக்ட்ரானை வெளிவிடும் கேத்தோடு முனையில் இருப்பது, கருகியிருந்தால், என் சந்தேகம் முதலில் கப்ளிங் கண்டென்சர் மேல்தான் போகும். முந்தைய வால்வின் பிளேட்டுக்கும் (கரண்ட் வந்து சேரும் முனை) இதன் கிரிட்டுக்கும் (கரண்டைக் கட்டுப்படுத்தும் முனை) நடுவே இருக்கும் மெழுகுக் காகிதக் கண்டென்சர் அது, 0.01 அல்லது 0.02 மைக்ரோஃபாரட் இருக்கும். பாட்டை விட்டு, டிசி வோல்ட்டேஜைத் தடுப்பது அதன் வேலை. காகிதம் ஈரம் இழுத்துவிட்டால் டிசி கசியும். கிரிட்டில் பாசிட்டிவ் ஏறும், வால்வு அளவுக்கு மீறிக் கரண்ட் இழுக்கும், பிளேட் சிவக்கும், ரெசிஸ்டர் கருகும், கடைசியில் ஸ்பீக்கருக்கு முன்னால் இருக்கும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரியும் (வால்வுப் பக்கச் சுற்று) போய்விடும். கண்டென்சர் சில ரூபாய்தான். டிரான்ஸ்ஃபார்மர் போனால் திரும்பச் சுற்றித் தர ஆள் தேடி அலைய வேண்டும்.

மல்டிமீட்டரில் கெப்பாசிட்டன்ஸ் சரியாகக் காட்டுகிறது என்பதால் கண்டென்சரை நம்பிவிடாதீர்கள். மீட்டர் கொடுப்பது சில வோல்ட். செட்டில் அது தாங்க வேண்டியது நூறைத் தாண்டும். கசியும் கண்டென்சர் பல நேரம் எழுதியிருப்பதைவிடக் கூடுதலாகவே காட்டும்.

செட் ஓடும்போதுதான் உண்மை தெரியும். ஆனால் வால்வு எண்கள் யு.எல்.84, யு.சி.எச்.81 என்று 'யு'வில் தொடங்கினால் சேஸிஸிலேயே (செட்டின் உலோகச் சட்டம்) மெயின்ஸ் இருக்கலாம். செட்டை மெயின்ஸிலிருந்து பிரித்து வைக்கும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் தொடவே வேண்டாம். மற்ற செட்டுகளிலும் ஆஃப் செய்த பின் சப்ளையைச் சீராக்கும் ஃபில்டர் கண்டென்சரில் 250 வோல்ட்டுக்கு மேல்கூட தேங்கி நிற்கும். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்யாமல், 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் வழியாக இறக்கி, மீட்டரில் பார்த்துவிட்டுக் கை வையுங்கள்.

சரி, சோதனைக்கு வருவோம். சீரீஸ் பல்பு (கரண்ட் மீறாமல் தடுக்க சப்ளை வயரில் வரிசையாகச் சேர்த்த குண்டு பல்பு) வழியாக சப்ளை கொடுத்து, மீட்டரின் கறுப்பு முனையை சேஸிஸிலும் சிவப்பை இ.எல்.84-இன் 2-ஆம் பின்னிலும் (அதுதான் கிரிட்) வையுங்கள். கிட்டத்தட்ட சுழி காட்ட வேண்டும். பாசிட்டிவ் காட்டினால் ஆஃப் செய்து, தேங்கியதை இறக்கிவிட்டு, கண்டென்சரின் கிரிட் பக்கக் காலைக் கழற்றி மறுபடி அளந்து பாருங்கள். பாசிட்டிவ் மறைந்தால் கண்டென்சர் போய்விட்டது. மறையாவிட்டால் வால்வையே சந்தேகப்பட வேண்டும்.

கருகிய ரெசிஸ்டரின் வண்ணக் கோடுகளையும் நம்பாதீர்கள். சூட்டில் சிவப்பு பழுப்பாகத் தெரியும். சர்க்யூட் படத்தைப் பார்த்தே மதிப்பை எடுங்கள். 250 வோல்ட்டில் ஓடும் இ.எல்.84-க்கு 135 ஓம் அளவில் வரும்.

புதிதாக 630 வோல்ட் ஃபிலிம் கண்டென்சர் போட்டு, பல்பை எடுத்துவிட்டு முழு சப்ளையில் ஓட்டுங்கள். கேத்தோடில் சுமார் 7 வோல்ட் வர வேண்டும். செட் நன்றாகச் சூடான பிறகு கிரிட்டை இன்னொரு முறை அளந்துவிட்டு மூடுங்கள்.