மூன்றாவது டெஸ்ட் எங்கே?

2023 டிசம்பரில் செஞ்சுரியனில் இந்தியாவை ஓர் இன்னிங்ஸ், 32 ரன் வித்தியாசத்தில் தென்னாப்பிரிக்கா தோற்கடித்தது. அடுத்த வாரம் கேப்டவுனில் இந்தியா 7 விக்கெட் வித்தியாசத்தில் பதிலடி கொடுத்தது. அந்த ஆட்டம் வெறும் 642 பந்துகளில் முடிந்துபோனது. இரண்டே டெஸ்ட் கொண்ட தொடர் 1-1. அவ்வளவுதான், மூட்டை கட்டியாயிற்று. "ஒரு டெஸ்ட் தொடருக்கு எத்தனை ஆட்டம்தான் சரி?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். பள்ளியில் படித்த நிகழ்தகவை வைத்தே இதற்குப் பதில் சொல்லலாம்.

ஓர் அணி கொஞ்சம் பலசாலி. ஒரு டெஸ்டில் அது ஜெயிக்கும் வாய்ப்பு 60 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். கணக்கு எளிதாக இருக்க டிராவை மறந்துவிடுவோம். இரண்டையும் அது ஜெயிக்க 0.6 × 0.6, அதாவது 36 சதவீதம். இரண்டிலும் தோற்க 16 சதவீதம். மிச்சம் 48 சதவீதம் 1-1.

இந்த 48-ஐத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். சரிசமமான அணிகள் மோதினால் அது 50 ஆகும். பலசாலியின் வாய்ப்பு 70 சதவீதம் என்றால் 42. 80 சதவீதம் என்றால்கூட 32. எவ்வளவு பெரிய அணியாக இருந்தாலும், இரண்டு ஆட்டத் தொடர் முடிவில்லாமல் போவது சர்வசாதாரணம். இன்னொன்றும் இருக்கிறது. மூன்று ஆட்டத் தொடரில் கடைசி டெஸ்ட் 1-1 என்ற நிலையில் தொடங்கும் வாய்ப்பும் இதே 48தான்! நாம் ஏங்கிக் காத்திருக்கும் அந்த ஆட்டம் பிறக்கப்போகும் நேரத்தில்தான் அட்டவணை முடிந்துவிடுகிறது.

2001-ஐ நினைத்துப் பாருங்கள். ஆஸ்திரேலியாவிடம் மும்பையில் 10 விக்கெட்டில் தோல்வி, கொல்கத்தாவில் ஃபாலோ ஆன் (பெரிய பின்னடைவால் உடனே மறுபடி மட்டை பிடிக்க வேண்டிய நிலை) வாங்கியும் 171 ரன்னில் வெற்றி. அதோடு நிறுத்தியிருந்தால், ஹர்பஜன் 15 விக்கெட் எடுத்து, கடைசியில் வெற்றி ரன்னையும் அவரே அடித்த சேப்பாக்கம் டெஸ்டே நடந்திருக்காது.

சரி, ஆட்டங்களைக் கூட்டிக்கொண்டே போகலாமா? அதே 60 சதவீதப் பலசாலி தொடரை வெல்லும் வாய்ப்பு மூன்று ஆட்டத்தில் 65 சதவீதம், ஐந்தில் 68, ஏழில் 71. ஏறுகிறது, ஆனால் ஆமை வேகத்தில். 95 சதவீதம் உறுதி வேண்டுமென்றால் சுமார் 65 டெஸ்ட் ஆட வேண்டும்! இன்னொரு பக்கம், கடைசி ஆட்டம் வரை தொடர் சமநிலையில் நிற்கும் வாய்ப்பு குறைகிறது: ஐந்தில் 35 சதவீதம், ஏழில் 28.

டாஸையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2025-இல் இங்கிலாந்தில் இந்தியக் கேப்டன் சுப்மன் கில் ஐந்து டாஸையும் இழந்தார். உடனே ராசி, கிரகம் என்று பேச்சு கிளம்பிவிடும். 32-இல் ஒரு வாய்ப்பு அது, நாணயத்துக்கு எந்தக் கிரகமும் தெரியாது. இரண்டு ஆட்டத் தொடரிலோ எல்லா டாஸையும் இழக்கும் வாய்ப்பு நாலில் ஒன்று. பணம் போதவில்லை என்று நாலைந்து மாதிரிகளோடு நிறுத்தப்படும் ஆய்வைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். வருமானக் கணக்குப் பார்த்துக் குறுக்கப்படும் தொடரும் அப்படித்தான். மூன்றுக்குக் குறைந்ததைத் தொடர் என்றே அழைக்கக் கூடாது என்பது என் கட்சி. நெருங்கிய பலமுள்ள அணிகளுக்கு ஐந்து வேண்டும்.

ஐந்துக்கு மேல் உடம்பு தாங்காது. அந்த 2025 தொடரில் 46 நாட்களில் ஐந்து டெஸ்ட். பும்ரா மூன்றில்தான் ஆடினார். சிராஜ் ஐந்திலும் ஆடி 1,100 பந்துகளுக்கு மேல் வீசினார்.

அந்தத் தொடரின் மூன்றாவது டெஸ்ட் லார்ட்ஸில். இங்கிலாந்துச் சுழற்பந்து வீச்சாளர் பஷீரின் பந்தை சிராஜ் மட்டையின் நடுவில்தான் தடுத்தார். பந்து தரையில் சுழன்று பின்னால் உருண்டது, ஸ்டம்பை லேசாகத் தொட்டது, ஒரு பெயில் விழுந்தது. 22 ரன்னில் தோல்வி, இங்கிலாந்து 2-1 முன்னிலை. சிராஜ் அங்கேயே குந்தி உட்கார்ந்துவிட்டார். மூன்று ஆட்டத் தொடராக இருந்திருந்தால் அந்தக் காட்சியோடு எல்லாம் முடிந்திருக்கும். மான்செஸ்டர் டிரா ஆனது. அப்புறம் ஓவல். ஆகஸ்ட் 4 காலை இங்கிலாந்துக்கு 35 ரன் வேண்டும், கையில் 4 விக்கெட். வெற்றிக்கு 7 ரன் மிச்சம் இருக்கும்போது, கடைசி விக்கெட்டாக, சிராஜின் யார்க்கர் அட்கின்சனின் ஆஃப் ஸ்டம்பைச் சாய்த்தது.